முளையில் தெரியாத பயிர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம்மவர் பழமொழி. முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளையைத் தட்டிக் கொடுக்கும்போதும் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். பின்தங்கிய பிள்ளையைத் தலைகுனிய வைக்கும்போதும் இதையே சொல்வார்கள். பழமொழி பொய்யன்று. ஆனால் எந்த முளையை, எந்த நாளில், யார் பார்த்துச் சொல்வது என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஒரு வங்க இளைஞர். அவர் வாழ்ந்தது 19 ஆண்டுகளும் ஏழு திங்களுமே. விமானம் ஓட்டத் தகுதியில்லை என்று இருமுறை ஒதுக்கப்பட்டவர். பின்னர் 13 நாட்களுக்குள் வானப் போரில் பத்து வெற்றி கண்டவர். அவர் பெயர் இந்திரலால் ராய். அவருடைய வரலாற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதனோடு, விமானியாகப் போகிறவனை முன்கூட்டியே கண்டறிய முயலும் நாட்டச் சோதனைகளைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். ஒன்றில்லாமல் மற்றொன்று முழுமையடையாது.

ராய் 1898 டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை பியாரிலால் ராய் வழக்கறிஞர். தாய் லோலிதா ராய். தாயைப் பெற்ற பாட்டனார் சூர்யகுமார் குடீவ் சக்கரவர்த்தி, மேனாட்டு மருத்துவம் கற்ற முதல் இந்தியர்களுள் ஒருவர். பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பம் லண்டனுக்குக் குடியேறியது. தாய் வீட்டுக்குள் அடங்கியிருந்தவர் அல்லர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1911-ஆம் ஆண்டு லண்டன் வீதிகளில் நடந்த பேரணியில் இந்தியப் பெண்களை ஒன்று சேர்த்து நடத்திச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். கதவு மூடியிருந்தால் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதை மகன் எங்கே கற்றார் என்று நாம் வியக்க வேண்டியதில்லை.

ராய் லண்டனில் புனித பவுல் பள்ளியில் படித்தார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது அவருக்கு வயது 15. அண்ணன் பரேஷ்லால் படையில் சேர்ந்துவிட்டார். இந்தப் பரேஷ்லால்தான் பிற்காலத்தில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று பெயர் பெற்றவர். தம்பியின் மனமோ மண்ணில் நிற்கவில்லை. கையில் கரித்துண்டும் தாளும் கிடைத்தால் விமானங்களை வரைவார். ரைட் சகோதரர்கள் பறந்து பதினைந்து ஆண்டுகள் கூட ஆகாத காலம் அது. விமானம் என்பது மரமும் துணியும் கம்பியும் சேர்ந்த பொருள். அதில் ஏறுவது துணிவு. அதில் ஏறிச் சண்டையிடுவது பெருந்துணிவு.

அந்நாளில் விமானிகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பிரிட்டனில் அதற்கென்று நுட்பமான அளவுகோல் எதுவும் இல்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளையா, பேர்பெற்ற பள்ளியில் படித்தவனா, விளையாட்டு வீரனா, குதிரை ஏறத் தெரியுமா என்று பார்த்தார்கள். குதிரையின் கடிவாளத்தை மெல்லப் பிடிக்கத் தெரிந்த கை விமானத்தின் கைப்பிடியையும் மெல்லப் பிடிக்கும் என்று நம்பினார்கள். அதன் பின் மருத்துவர் கண்ணையும் காதையும் இதயத்தையும் பார்ப்பார். அவ்வளவுதான்.

இந்தியருக்கோ இதற்கும் முன்னதாக ஒரு கதவு இருந்தது. அது தோலின் நிறம். இந்தியர் ஒருவர் படை அதிகாரியாக ஆணை பெறுவது அன்று எளிதன்று. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற ஹர்தித் சிங் மாலிக், முதலில் பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டியோட்டியாகப் பணி செய்து, பின்னரே பிரிட்டிஷ் பறக்கும் படைக்குள் நுழைந்தார். நம் பம்பாயில் பிறந்த கிருஷ்ண வேலிங்கர் அப்படையில் பறந்து, 1918 ஜூன் மாத இறுதியில் போரில் பட்ட காயத்தால் உயிர் துறந்தார். சென் என்ற இன்னொரு வங்கரும் இருந்தார். அந்தச் சிறு குழுவில் நான்காமவர் நம் ராய்.

18 வயது நிறைந்ததும் ராய் பறக்கும் படைக்கு விண்ணப்பித்தார். கண் மருத்துவர் பார்த்தார். பார்வை போதாது என்று எழுதிவிட்டார். விண்ணப்பம் தள்ளப்பட்டது. வேறொருவராயின் வீட்டுக்குத் திரும்பி விதியை நொந்திருப்பார். ராயிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை விற்றார். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு நாட்டில் பேர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் சென்றார்; மீண்டும் கண்ணைச் சோதிக்கச் செய்தார். பார்வையில் குறையில்லை என்று சான்று கிடைத்தது. முதல் முடிவு மாற்றப்பட்டது. 1917 ஏப்ரலில் அவர் பறக்கும் படையில் சேர்ந்தார். ஜூலை 5-ஆம் நாள் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இரண்டு சோதனைகளுக்கும் இடையில் கண் மாறிவிடவில்லை, அளந்தவர்தான் மாறினார். நான் புள்ளியியல் படிக்கும் மாணவன். எங்கள் வகுப்பில் முதலில் சொல்லித் தரும் பாடங்களுள் ஒன்று இது: எந்த அளவையிலும் பிழை உண்டு. தராசு இருமுறை நிறுத்தால் இரு எடை காட்டலாம். மனிதனை அளக்கும் தராசோ இன்னும் ஆட்டம் மிகுந்தது. ஒரே அளவையை வைத்து வாழ்க்கைத் தீர்ப்பு எழுதலாகாது என்பதற்கு ராயின் மோட்டார் சைக்கிளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கதை இத்துடன் முடிந்திருந்தால் அது பாதி உண்மையாகவே இருந்திருக்கும். மீதியையும் கேளுங்கள்.

பயிற்சி முடிந்து 1917 அக்டோபர் இறுதியில் ராய் பிரான்சில் இருந்த 56-ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். புகழ்பெற்ற பிரிவு அது. அவர் ஓட்டியது எஸ்.ஈ.5ஏ என்னும் ஒற்றை இருக்கைப் போர் விமானம். சேர்ந்து ஆறு வாரம் கூட நிறையவில்லை; டிசம்பர் 6-ஆம் நாள் தரையிறங்கும்போது விமானம் நொறுங்கி விழுந்தது. பலத்த அடி. இறந்துவிட்டார் என்று எண்ணிப் பிணவறையில் கிடத்திவிட்டார்கள் என்றும், நினைவு திரும்பி அவர் கதவைத் தட்டியபோது காவலாள் நடுங்கிப் போனான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அது கதையோ, நிகழ்ச்சியோ, அடி பலமானது என்பதில் ஐயமில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே விமானப் படங்களை வரைந்து தள்ளினார். அவற்றுள் பல இன்றும் இருக்கின்றன.

உடல் தேறிய பின் மருத்துவர்கள் மீண்டும் கூறினார்கள்: இவர் பறக்கத் தகுதியில்லை. இது இரண்டாவது தீர்ப்பு. ராய் மீண்டும் முறையிட்டார், மீண்டும் வென்றார். பிரிட்டனில் அவருக்கு மறுபயிற்சி தரப்பட்டது. 1918 ஜூன் மாதத்தில் 40-ஆம் படைப்பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குத் தலைவராக வாய்த்தவர் ஜார்ஜ் மக்கெல்ராய் என்னும் ஐரிஷ்காரர்.

இந்த மக்கெல்ராயின் கதையும் நம் பொருளுக்கு ஏற்றது. அவரும் தொடக்கத்தில் சோபிக்கவில்லை. 1917 ஆகஸ்டில் படைப்பிரிவுக்கு வந்தவருக்கு டிசம்பர் இறுதி வரை ஒரு வெற்றி கூட இல்லை. எட்வர்ட் மானக் என்ற பெருவீரர் அவரை அருகில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பழக்கினார். அதன் பின் அவருடைய வெற்றிகள் நாற்பதைத் தாண்டின. கற்றுக்கொண்டு உயர்ந்த அந்த மனிதரின் கீழேதான் ராய் பறந்தார்.

1918 ஜூலை 6-ஆம் நாள் ராய்க்கு முதல் வெற்றி கிடைத்தது. 8-ஆம் நாள் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13-ஆம் நாள் இரண்டு. 15-ஆம் நாள் மேலும் இரண்டு. 19-ஆம் நாள் பத்தாவது. அவற்றுள் இரண்டு பிற வீரர்களோடு பகிர்ந்தவை. ஐந்து வெற்றி கண்டவரையே அந்நாளில் பெருவீரர் வரிசையில் வைப்பார்கள். ராய்க்கு அதைப்போல் இரு மடங்கு, 13 நாட்களுக்குள். அவர் வாழ்நாளில் பறந்த நேரமே 170 மணியை ஒட்டியது.

ஜூலை 22-ஆம் நாள் பிரான்சில் கார்வின் என்னும் ஊரின் மேலே ஜெர்மானியரின் ஃபோக்கர் விமானங்களோடு போர் நடந்தது. ராயின் விமானம் தீப்பற்றி விழுந்தது. நான்கு நாள் கழித்து மானக் வீழ்ந்தார். ஜூலை 31-ஆம் நாள் மக்கெல்ராய் வீழ்ந்தார். ஆசான், ஆசானின் மாணவர், அவர் கீழ்ப் பறந்த இளைஞர் ஆகிய மூவரும் பத்து நாட்களுக்குள் மறைந்தனர். போர் என்பது இதுதான். அதைப் பாடிப் புகழ எனக்கு மனமில்லை. அயலான் ஆட்சிக்காக நம் பிள்ளைகள் உயிர் கொடுத்த காலம் அது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும் திறமைக்கு நிறமில்லை என்று வானத்தில் எழுதிக் காட்டியவர் அந்த இளைஞர்.

அவ்வாண்டு செப்டம்பரில் சிறப்புப் பறப்புச் சிலுவை என்னும் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். பெறுவதற்கு அவர்தாம் இல்லை. பிரான்சில் எஸ்தவெல் என்ற சிற்றூரின் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. அதில் வங்க மொழியிலும் எழுதியிருக்கிறார்கள். கல்கத்தாவில் பவானிப்பூர்ப் பகுதியில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் நூற்றாண்டான 1998-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

இனி நம் கேள்விக்கு வருவோம். 1917 டிசம்பரில் விழுந்து நொறுங்கிய ராய் ஒருவர். 1918 ஜூலையில் பத்து வெற்றி கண்ட ராய் ஒருவர். இருவருக்கும் ஒரே மூளை, ஒரே கண், ஒரே கை. இடையில் மாறியது என்ன? பயிற்சி மாறியது, தலைவர் மாறினார், ஆறு திங்களின் பக்குவம் சேர்ந்தது. டிசம்பரில் அவரை அளந்த எந்தச் சோதனையும் தோல்வி என்றே எழுதியிருக்கும். அப்படி எழுதியது பிழையும் ஆகாது. அன்று அவர் நிலை அதுதான். ஆனால் அன்றைய நிலையை என்றைய நிலையாகவும் எண்ணுவதுதான் பிழை.

விமானம் கற்பிக்கும் முறையே திருந்தியதும் அந்தக் காலத்தில்தான். ஸ்மித்-பாரி என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1917-இல் காஸ்போர்ட் என்ற ஊரில் புது முறை ஒன்றை ஏற்படுத்தினார். ஆசிரியரும் மாணவரும் இரட்டைக் கைப்பிடி வைத்த விமானத்தில் சேர்ந்து பறப்பார்கள். குழாய் வழியே பேசிக்கொள்வார்கள். விமானம் சுழன்று விழும் நிலையை மறைக்காமல், வேண்டுமென்றே சுழல விட்டு மீட்கக் கற்பிப்பார்கள். அதுவரை சுழற்சி என்றாலே சாவு என்று அஞ்சிய மாணவர்கள் அதிலிருந்து மீளக் கற்றார்கள். மாணவன் தோற்றால் மாணவனை மட்டுமே குறை சொல்லும் வழக்கத்துக்கு அது ஒரு பதில்.

அதே ஆண்டுகளில் வேறு சிலர் மாணவனை அளக்கும் வழிகளையும் தேடத் தொடங்கினர். பிரான்சில் காமு, நெப்பர் என்ற இருவர், தேர்வுக்கு வந்தவன் எதிர்பாராத நேரத்தில் அவன் பின்னால் துப்பாக்கியைச் சுடச் செய்து, அவன் கை எவ்வளவு நடுங்குகிறது, மூச்சு எப்படி மாறுகிறது என்று கருவியில் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் தார்ண்டைக் முதலிய உளநூல் அறிஞர்கள், அறிவுக் கூர்மையையும், உடல் சாய்வதை உணரும் திறனையும், அதிர்ச்சியில் நிலைகுலையாமையையும் அளந்து பார்த்தார்கள். போர் முடிந்தது, முயற்சியும் தளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் அது பெரிய அளவில் உயிர்பெற்றது. 1941-இல் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு, ஜான் ஃபிளனகன் என்ற உளநூல் அறிஞரின் தலைமையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கருவி முகப்புகளைப் பார்த்து விமானம் எந்த நிலையில் பறக்கிறது என்று கூறுதல், அட்டவணையை விரைவாகப் படித்தல், இயந்திர நுட்பங்களை உணர்தல் ஆகியவை தாளில் நடக்கும். கைப்பிடியையும் கால் மிதியையும் சேர்த்து இயக்கி விளக்குப் புள்ளிகளைப் பொருத்துதல் போன்றவை கருவியில் நடக்கும். எல்லாவற்றையும் கூட்டி ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு படி தருவார்கள். ஒன்பதாம் படி பெற்றவர்களில் தொடக்கப் பயிற்சியில் தோற்றவர் மிகச் சிலர். முதற்படியினரில் பெரும்பான்மையோர் தோற்றனர். பொது அறிவுச் சோதனை ஒன்றும் நன்றாக முன்னறிவித்தது. விமானங்களைப் பற்றித் தானே தேடித் தெரிந்துகொண்ட இளைஞன் நன்றாகப் பறக்கவும் கற்றான். கரித்துண்டால் விமானம் வரைந்த பள்ளிச் சிறுவனை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். முதல் போரில் எவரும் கேட்காத கேள்வி அது. கேட்டிருந்தால் ராய் நல்ல மதிப்பெண் பெற்றிருப்பார் என்பது என் எண்ணம்.

சோதனை உண்மையில் பயன்படுகிறதா என்று அறிய 1943-இல் அவர்கள் ஒரு துணிகரமான காரியம் செய்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் சோதனை வைத்து, மதிப்பெண்ணைப் பாராமல் அத்தனை பேரையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பின்னர், மதிப்பெண்ணும் பயிற்சி வெற்றியும் எவ்வளவு ஒத்துப் போகின்றன என்று கணக்கிட்டார்கள். முழு ஒற்றுமைக்கு 1 என்றும், தொடர்பே இல்லாமைக்கு 0 என்றும் கொள்வது எங்கள் துறையின் வழக்கம். அந்தக் கூட்டம் முழுவதற்கும் கிடைத்த எண் 0.64. மனிதரை அளக்கும் எந்தச் சோதனைக்கும் அது பெரிய எண். அதே கூட்டத்தில், வழக்கமான முறையில் தேர்வாகியிருக்கக் கூடிய மேல்தட்டினர் நூற்றுக்குப் பதின்மூவர். அவர்களை மட்டும் பிரித்துக் கணக்கிட்டபோது எண் 0.18 ஆகச் சுருங்கியது.

இதன் பொருள் என்ன? உழவர் விதைநெல்லை உப்பு நீரில் இடுவார்கள். பதர் மிதக்கும், மணி மூழ்கும். பதரைப் பிரித்தெடுக்க அது அருமையான சோதனை. ஆனால் மூழ்கிய நெல்லிலே எந்த மணி நூறாக விளையும், எது பத்தாக நிற்கும் என்று உப்பு நீர் சொல்லாது. அதன் பின் மண்ணும் நீரும் உழவன் கையும் பேசும். நாட்டச் சோதனையும் அப்படித்தான். பெருங்கூட்டத்தைப் பிரிக்க அது வல்லது. கோட்டை ஒட்டி நிற்கும் இருவரில் இவன் வெல்வான், அவன் தோற்பான் என்று தீர்ப்பளிக்க வல்லதன்று.

நம் நாட்டிலும் இத்தகைய சோதனைகளுக்கு நெடிய வரலாறு உண்டு. 1943-இல் டேராடூனில் பரிசோதனை முறையாகத் தேர்வு வாரியம் ஒன்று அமைந்தது. விடுதலைக்குப் பின் படைகளுக்கென உளநூல் ஆராய்ச்சிப் பிரிவு வளர்ந்தது. விமானி ஆக விரும்புவோருக்குப் பி.ஏ.பி.டி. என்று இளைஞர்கள் கூறும் சோதனை வந்தது. கருவி முகப்பைப் படிப்பது தாளில். கைப்பிடியாலும் மிதியாலும் ஒளிப்புள்ளியை அடக்குவது கருவியில். பிற்காலத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் கணிப்பொறி வழியிலான தேர்வு முறையை உருவாக்கியது. அந்த எண்ணம் அப்துல் கலாமிடம் தோன்றியது என்பர்.

கலாமே இந்தக் கதவின் முன் நின்றவர்தாம். சென்னையில் விமானப் பொறியியல் முடித்து, விமானி ஆகும் ஆசையோடு டேராடூன் சென்றார். வந்தவர் 25 பேர், இடம் எட்டு, கலாமுக்குக் கிடைத்த வரிசை ஒன்பது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு? ஒரு கேள்வியாக இருக்கலாம். ஓர் இருமலாகவும் இருக்கலாம். அவருக்காக மறுமுறை அளந்து பார்த்தவர் எவரும் இல்லை. 2006 ஜூன் 8-ஆம் நாள் புனேயில் தம் 74-ஆம் வயதில், குடியரசுத் தலைவராக, சுகோய் விமானத்தில் துணை விமானி இருக்கையில் அமர்ந்து பறந்தார். ஆசை அரை நூற்றாண்டு காத்திருந்தது.

இவ்வளவையும் நான் ஏன் எழுதுகிறேன்? சயானில் மாலை வேளைகளில் சில மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருகிறவர்கள். சயான் கோட்டை மேட்டில் ஏறி நின்றால் வடக்கே குர்லாப் பக்கம் விமானங்கள் வரிசையாக இறங்குவது தெரியும். அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளில் சிலருக்கு விமானி ஆகும் கனவு இருப்பதில் வியப்பென்ன? அவர்களில் ஒருவர் படையின் நாட்டச் சோதனையில் தேறவில்லை. அந்தச் சோதனையை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுதலாம். திரும்பி வந்த நாள் முதல் அவர் புத்தகத்தைத் தொடவில்லை. நம்ம பிள்ளைக்கு மூளை அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவருடைய அம்மா என்னிடம் வந்து வருந்தினார். அந்தத் தாய்க்குத்தான் முதன்முதலில் ராயின் கதையைச் சொன்னேன்.

இன்னொரு குடும்பம். தந்தை தோல் பட்டறையில் வேலை செய்பவர். தனியார் பயிற்சிப் பள்ளி ஒன்றில் மகனைச் சேர்க்க நகையை அடகு வைக்கவும் ஆயத்தமாக இருந்தார். விமானப் பயிற்சிக்குப் பல லட்சம் செலவாகும். பணம் கட்டிய பின் பாதி வழியில் நின்றுபோனால் அந்தக் குடும்பம் எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்தத் தந்தையிடம் நான் ராயின் கதையை மட்டும் சொல்லி அனுப்பவில்லை. முதலில் பையனுக்கு ஒரு நல்ல நாட்டச் சோதனை வைத்துப் பாருங்கள், அதன் பின் அடகுக் கடைக்குப் போகலாம் என்றேன்.

இரண்டும் முரணாகத் தோன்றலாம்; முரணில்லை. ராயை எடுத்துக்காட்டிச் சோதனைகளே வீண் என்பாரும் உளர். நான் அவர்களோடு சேர மாட்டேன். வற்புறுத்தி உள்ளே நுழைந்து, பயிற்சியிலேயே விழுந்து மாண்ட எத்தனையோ இளைஞர்களின் வரலாற்றை எவரும் எழுதுவதில்லை. வென்ற ஒருவரை மட்டும் பார்த்து விதி வகுப்பது கணக்கறியாதவன் செயல். பறப்பில் ஒரு தவறு உயிரைக் கேட்கும். ஆகவே முன்கூட்டி அளப்பது மாணவனுக்கும் காப்பு, பின்னால் அமரப் போகும் பயணிகளுக்கும் காப்பு.

சோதனையில் நியாயமும் இருக்கிறது. அது வருவதற்கு முன் கேட்ட கேள்விகள் எவை? யார் மகன், எந்தப் பள்ளி, குதிரை உண்டா, தோல் என்ன நிறம் என்பவை. ஒளிப்புள்ளியை அடக்கும் கருவி சாதி கேட்பதில்லை. தாராவியின் சந்தில் வளர்ந்தவனா, மலபார் குன்றில் வளர்ந்தவனா என்று பார்ப்பதில்லை. ஏழைப் பிள்ளைக்கு அது பகையன்று, நட்பு. ஆனால் நட்பாகவே இருக்க வேண்டுமானால் ஒன்று வேண்டும். சிறு வயது முதல் கணிப்பொறி விளையாட்டில் கைப்பிடி பழகிய பிள்ளையும், அன்றுதான் முதன்முதலாக அதைத் தொடும் பிள்ளையும் ஒரே நாளில் அளக்கப்படும்போது, அளக்கப்படுவது திறமையா, பழக்கமா என்று அளப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பழக்கத்தால் மதிப்பெண் ஏறிவிடும் என்றுதான் மறுமுறைக்கு இடம் மறுக்கிறார்கள். காரணம் நியாயமானதே. அப்படியானால் முதல்முறைக்கு முன்னால் எல்லாருக்கும் ஒரே அளவு பழக்கம் தருவதும் நியாயந்தானே?

கற்பிப்பவர் பங்கையும் மறக்கலாகாது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1954 முதல் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இயங்குகிறது. பறக்கத் தெரிந்தவர்களுக்குப் பறக்கக் கற்பிப்பது எப்படி என்று சொல்லித் தரும் பள்ளி அது. நல்ல மாணவனைத் தேடுவதோடு நல்ல ஆசானையும் உருவாக்க வேண்டும் என்று நம் நாடும் உணர்ந்திருப்பதற்கு அது அடையாளம்.

மாணவ நண்பர்களே! நம்மில் விமானி ஆகப் போகிறவர் மிகச் சிலர். ஆனால் சோதனைக்கு ஆளாகாதவர் எவருமில்லை. வேலைக்கும் மேற்படிப்புக்கும் இன்று நாட்டச் சோதனைதான் வாயிற்காவலன். கிடைத்தால் தலை கனக்க வேண்டாம். உப்பு நீரில் மூழ்கியிருக்கிறீர்கள், இனிமேல்தான் விளைய வேண்டும். கிடைக்காவிட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்னிடம் எதை அளந்தார்கள்? அளவை சரியாக இருந்ததா? அதற்கு முன் எனக்குக் கற்பித்தவர் யார், எவ்வளவு கற்பித்தார்? விடை உங்களுக்குப் பாதகமாகவே வந்தால் ஏற்றுக்கொண்டு வேறு வழி செல்லுங்கள். ஒன்பதாம் இடத்துக்காரர் சென்ற வழி நம் கண்முன் இருக்கிறது. விடையில் ஐயம் இருந்தால், விற்பதற்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்று பாருங்கள்.

புத்தகத்தைத் தொடாமல் இருந்த அந்த மாணவர் இப்போது விமானப் பராமரிப்புப் பொறியியல் படிக்கப் போகிறேன் என்கிறார். ஒளிப்புள்ளியை அடக்க முடியாத கை திருகாணியை நன்றாகவே முறுக்குகிறது. சென்ற கிழமை திரிகோணக் கணக்கில் என்னிடம் மூன்று ஐயம் கேட்டார். மூன்றும் நல்ல கேள்விகள்.